கழுத்து மட்டும் தைத்தவள்

திராய்மடுவில் மேர்லினின் வீட்டுக் கேற்றில் ஒரு பலகை தொங்குகிறது. ‘சகலவிதமான தையல்களும் செய்து கொடுக்கப்படும்’ என்று அவளே பெயின்ற் வாங்கி எழுதிய பலகை. அந்தச் ‘சகலவிதமான’ என்ற சொல்லைப் பற்றி அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகப்படுவது மேர்லினின் பழக்கத்திலேயே இல்லை. ஊசிக்கு நூல் கோக்கும்போதுகூட முதல் தரத்திலேயே போய்விடும் என்று நம்பித்தான் கோப்பாள். போகாவிட்டால் பிழை ஊசியுடையது, நூலுடையது, சில வேளை வெளிச்சத்துடையது. தன்னுடையதாக இருக்கக்கூடும் என்று அவள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பத்தொன்பது வயதில் கட்டுநாயக்கவுக்குப் பஸ் ஏறி, அங்கே ஒரு கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை செய்தவள் அவள். திரும்பி வந்து, ஓட்டோ ஓடும் சிறிலைக் கலியாணம் முடித்து, யன்னலோரம் ஒரு தையல் மெசினைப் போட்டுக்கொண்டாள். இப்போது முப்பத்தேழு வயது. பள்ளிக்கூடச் சட்டை, சாரிக்குச் சட்டை, யன்னல் சீலை, ஞானஸ்நானக் கவுண் என்று வருகிற எல்லாவற்றையும் தைத்துத் தள்ளுவாள். சேர்ச்சில் இன்னொரு மேர்லின் இருந்தபடியால் இவளைக் கார்மென்ட்ஸ் மேர்லின் என்று சொல்லத் தொடங்கினார்கள். அவளுக்கு அது கசக்கவில்லை. டொக்டரை டொக்டர் என்று கூப்பிட்டால் அவருக்குக் கசக்கவா போகிறது?

ஒரேயொரு விசயம் ஊருக்குத் தெரியாது. அந்தக் கார்மென்ட்ஸில் தைத்தது ரீசேட். ஒரு ரீசேட்டைப் பதினைந்து பேர் தைப்பார்கள். முன்னால் இருப்பவள் தோளைப் பொருத்தித் தருவாள், மேர்லின் கழுத்துக்குப் பட்டி வைப்பாள், பின்னால் இருப்பவள் கையைப் பொருத்துவாள். ஒன்பது வருடமும் மேர்லின் தைத்தது கழுத்து. கழுத்து மட்டும். துணியை எப்படி வெட்டுகிறார்கள் என்று அவள் கண்டதே இல்லை, அது வேறு மாடி. லட்சக்கணக்கான கழுத்துகளைத் தைத்த அந்தக் கைகளால் முழுசாக ஒரு ரீசேட்கூடத் தைக்கப்படவில்லை. அவள் பொய் சொன்னாள் என்று சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ரீசேட்டைக் கடையில்தானே எல்லோரும் வாங்குகிறார்கள்.

போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு காலை, பனிச்சையடியிலிருந்து ஓட்றி அன்ரி குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். வெள்ளைக்காரர் வழிவந்த பறங்கிப் பெண், அறுபதைத் தொடுகிற வயது, பேச்சு எப்போதும் சுருக்கமாக இருக்கும். அன்றைக்கு முதலில் தண்ணி கேட்டாள், குடித்தாள், பிறகு மெசினைப் பார்த்தாள்.

"மேர்லின், நீ இழுபடுற துணி தைப்பாய்தானே?"

"என்ன அன்ரி இப்பிடிக் கேட்டுப்போட்டீங்க? ஒன்பது வருசம் வேற என்னத்த தைச்சன்?"

ஓட்றியின் புருசன் அல்பர்ட் தச்சுவேலை செய்தவர். பதினாலு மாதத்துக்கு முன்னால் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் ஊன்றுகோலோடு திரும்பி வந்தது. கை வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் ஓட்றிதான் அவருக்குச் சேட் போட்டு, பொத்தான் பூட்டி, கொலரைச் சரிசெய்து விடுகிறாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. சேர்ச்சுக்குப் போவதை நிறுத்தினார், கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்தினார். பெனியனோடு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்.

இன்னும் மூன்று கிழமையில் மகள் மெலிண்டாவுக்குக் கலியாணம். மகளைக் கையில் பிடித்துப் பீடம்வரைக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டியது தகப்பன். அல்பர்ட் ஒரே பிடியாய் நின்றார். அன்றைக்குத் தன்னுடைய சேட்டைத் தானே போட வேண்டும். பொம்மைக்கு உடுத்திவிடுவதுபோல மற்றவர்கள் உடுத்திவிட அவர் போகமாட்டார். முடியாவிட்டால் தம்பி டரல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

"பெனியன் மட்டும் அவர் தனிய போடுறார் புள்ள," என்றாள் ஓட்றி. "ஏலாத கைய முதல் விடுவார், மறுகா தலைய விடுவார், மறுகா நல்ல கை. பெனியன் இழுபட்டுக் குடுக்குதுதானே. அதப்போல ஒண்டு வேணும். ஆனா பாக்கிறவங்களுக்குச் சேட்டாத் தெரியணும். நீளக் கை வைச்ச வெள்ளச் சேட்டு."

"பொத்தான முன்னுக்குச் சும்மா தைச்சுவிடுவம் அன்ரி. நெஞ்சில மட்டும் கொஞ்சம் திறக்கும், அதுக்கு வெல்க்ரோ வைப்பம். ஆரும் கண்டுபிடிக்கேலாது."

"செய்யலாமா?"

"செய்யலாமாவா? நீங்க போய்க் கலியாணக் கேக் வேலையப் பாருங்க."

இதுதான் மேர்லின். வழி அந்த நிமிசமே அவள் தலையில் வந்துவிட்டது, அது நல்ல வழியும்கூட. அதைத் தைக்கத் தெரியுமா என்ற சின்னக் கேள்விதான் வரவில்லை.

அடுத்த நாள் காத்தான்குடிக்குப் போனாள். ஷாமிலின் துணிக்கடையில் வெள்ளை இன்டர்லொக் துணியை அகலப்பாட்டுக்கு இழுத்துப் பார்த்தாள், விட்டாள், அது பழையபடி சுருங்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். எதற்காக முகர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது, ஆனால் ஷாமிலுக்கு மரியாதை வந்துவிட்டது.

"அக்கா, இந்தத் துணிக்கு வேற ஊசி போடணும். நுனி மொட்டையா இரிக்கும். கூர் ஊசி துணிய ஓட்ட போட்டுரும். தரவா?"

"என்னட்டக் கிடக்கு தம்பி," என்றாள் மேர்லின். அவளிடம் கிடக்கவில்லை. அப்படியொரு ஊசி இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரியும். கார்மென்ட்ஸில் ஊசி மாற்றுவது மெக்கானிக்கின் வேலை.

அல்பர்ட்டின் பழைய சேட் ஒன்றை அளவுக்கு வைத்து வெட்டினாள். கூர் ஊசியாலேயே தைத்தாள். நூல் அங்கங்கே தப்பிப் பாய்ந்தது, பலமாக இருக்கட்டும் என்று கையிடுக்கில் நேர்த்தையலை இரண்டு தரம் ஓட்டினாள். கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மடித்து மெழுகுக் கடதாசியில் சுற்றிக்கொண்டு பனிச்சையடிக்குப் போனாள்.

அல்பர்ட் கட்டிலில் இருந்தார். பெரிய உடம்பு, தச்சுவேலை செய்த தோள். சேட்டைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. வலது கையை இடது கையால் தூக்கிச் சட்டைக் கைக்குள் விட்டார். தலையைக் குனிந்து உள்ளே விட்டார். இடது கையை உயர்த்தினார். அப்போது படபடவென்று ஒரு சத்தம். கையிடுக்கில் இரண்டு தையலும் அறுந்து, அறுந்த நூலில் துணி சிக்கி, தலையும் கையும் உள்ளே மாட்டிக்கொண்டன. துணி இழுபட்டது, நூல் இழுபடவில்லை. வெள்ளைத் துணிக்குள் முகம் மூடப்பட்ட அந்தப் பெரிய மனுசனை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் மேர்லினுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"டரலுக்குப் போன் எடு ஓட்றி," என்றார். "கோட் ஒண்டு தைக்கச் சொல்லு."

கேற்றடிக்கு வந்த பிறகுதான் மேர்லினின் வாய் திறந்தது.

"அன்ரி, நான் ஒண்டு சொல்லணும். கார்மென்ட்ஸில ஒன்பது வருசமும் நான் கழுத்து மட்டும்தான் தைச்சன். வேற ஒண்டும் தைக்கல்ல."

ஓட்றி கிழிந்த சேட்டை வாங்கி விரித்துப் பார்த்தாள். கழுத்தை விரலால் தடவினாள்.

"அதுதான் கழுத்து நல்லா வந்திரிக்கி," என்றாள். பிறகு சேட்டை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "அவர் இனிப் போட்டுப் பாக்கமாட்டார் புள்ள. எனக்குத் தெரியும். கலியாணத்தண்டு காலையில ஒருக்காத்தான் கேக்கலாம். அதுக்குள்ள ஏலுமெண்டா தை."

வேறு யாராவது இருந்தால் அந்தப் பலகையைக் கழற்றி வைத்திருப்பார்கள். மேர்லின் அடுத்த பஸ்ஸில் காத்தான்குடிக்குப் போனாள். ஷாமில் அவள் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. ஊசிப் பக்கற்றை மேசையில் வைத்துவிட்டுத் துணியை அளக்கத் தொடங்கினான். அந்த உபகாரத்துக்காகவே இன்றைக்கும் அவள் துணி வாங்குவதென்றால் அவனிடம்தான்.

இந்த முறை துணியைத் துவைத்தாள். கொடியில் போட்டால் தன் பாரத்தில் தானே தொங்கி நீண்டுவிடும் என்று பாயில் விரித்துக் காயவிட்டாள். ஊசியை மாற்றினாள். மெசினின் குமிழை வளைந்து வளைந்து ஓடும் சிக்சாக் தையலுக்குத் திருப்பி, தையலைக் குறுக்கி, துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்தாள். இழுத்தாள். தையலும் சேர்ந்து இழுபட்டது, அறுந்துபோகவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். சிறிலைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னாள். அவனும் இழுத்தான், நூல் அசையவில்லை. மேர்லினுக்குப் பழைய தலைக்கனம் பாதி திரும்பி வந்தது.

வந்த வேகத்திலேயே போனது. இரண்டாவது சேட்டைத் தைத்து விரித்தபோது பக்கத் தையல் இரண்டும் மீன் செட்டையைப்போல அலை அலையாக நின்றன. கீழ் விளிம்பு சின்னப் பிள்ளையின் கவுணுக்குக் கொசுவம் வைத்ததுபோல இருந்தது. பலம் என்னவோ பலம்தான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஒரு தகப்பன் சேர்ச்சுக்குள் நடந்தால் முன்வரிசையிலேயே சிரிப்பார்கள். கழுத்து மட்டும் கடைச் சேட்டைப்போல அமைதியாக இருந்தது.

மேர்லின் மெசினில் பாய்ந்தாள். எண்ணெய் விட்டாள். தும்பு எடுத்தாள். நூலின் இறுக்கத்தைத் தளர்த்தினாள், பிறகு இறுக்கினாள். அலை போகவில்லை. கலியாணத்துக்கு நாலு நாள். ஓட்டோவுக்குப் போக வெளிக்கிட்ட சிறிலை மறித்து மெசினுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இஞ்ச நில்லுங்க. உங்கட கண்ணால பாருங்க. நான் துணியத் தொடவே மாட்டன், கைய மேல தூக்கிறன். இந்த மெசின் துணிய என்ன பாடு படுத்துதெண்டு நீங்களே பாருங்க. மறுகா புது மெசினுக்கு ஏன் கேக்கிறாய் எண்டு கேக்கப்படாது."

துண்டுத் துணியை வைத்து, இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு, காலை அழுத்தினாள். மெசின் ஓடியது. துணி தன்பாட்டில் போய் மறுபக்கத்தால் வெளியே வந்தது. கொஞ்சம் கோணல்தான், ஆனால் தகடுபோலத் தட்டையாக இருந்தது. ஒரு அலை இல்லை.

சிறில் ஓட்டோச் சாவியைத் தேடத் தொடங்கினான். புத்தியுள்ள மனுசன்.

"இன்னொருக்கா," என்றாள் மேர்லின். இன்னொரு தரமும் தட்டை. மூன்றாம் தரம் கையை வைத்துத் தைத்தாள். அலை வந்தது.

அவள் மெசினை விட்டுத் தன் கைகளைப் பார்த்தாள். கழுத்துக்குப் பட்டி வைக்கும்போது பட்டி சின்னதாக இருக்கும், கழுத்து வட்டம் பெரிதாக இருக்கும். பட்டியை இழுத்து இழுத்துத்தான் தைக்க வேண்டும். மணித்தியாலத்துக்கு நூறு, ஒரு நாளைக்கு எண்ணூறு, ஒன்பது வருடம். துணி இழுபடுகிறது என்று விரலுக்குத் தெரிந்ததும் கை தானாக இழுக்கிறது. பள்ளிக்கூடச் சட்டையில் அது தெரியவில்லை, அந்தத் துணி இழுபடாது. மெசினில் ஒரு பிழையும் இல்லை. வாழ்க்கையிலேயே முதல் தரமாகப் பிழை தன்னுடையது என்று மேர்லின் கண்டாள், அதுவும் புருசனுக்கு முன்னால். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோசமாக இருந்தது, ஏனென்றால் புது மெசின் வாங்க நாலு நாள் போதாது, கையை அடக்க நாலு நாள் தாராளம்.

"நீங்க போங்க," என்று சிறிலிடம் சொன்னாள். "எனக்கு விளங்கிட்டுது."

மூன்றாவது சேட்டைத் தைத்த விதத்தை யாராவது பார்த்திருந்தால், மேர்லினுக்குச் சுகமில்லை என்று நினைத்திருப்பார்கள். அவ்வளவு மெதுவாகத் தைத்தாள். விரல் நுனியால் துணிக்கு வழி காட்டினாள், அவ்வளவுதான். கை இழுக்கத் தொடங்குகிறது என்று தெரிந்த உடனே காலை எடுத்துவிடுவாள். ஒரு பக்கத் தையலுக்குள் இருபது தரம் எடுத்தாள். தோள் தொங்காமல் இருக்க உள்ளே பருத்தி நாடா வைத்தாள். கழுத்தும் மணிக்கட்டுப் பட்டியும் வந்தபோது கைகளை அவிழ்த்துவிட்டாள். அந்த இடங்களில் இழுக்கத்தானே வேண்டும். அங்கே மெசின் பறந்தது. கடைசியாக ஏழு பொத்தானை முன்னால் தைத்து, சேட்டை மேசையில் விரித்தாள். விளிம்பு தட்டையாகப் படுத்திருந்தது. உலகத்தில் இப்போது இதை என்னைவிட வடிவாகத் தைக்க ஆள் இருந்தால் வரட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் அது பெருமையடிப்பு அல்ல, உண்மைதான்.

கலியாணத்தன்று காலை எட்டு மணிக்கு அவள் பனிச்சையடிக்குப் போனாள். வீடு நிறைந்த சனம். டரல் புதுக் கோட்டோடு ஹோலில் நின்றார், பாவம், எங்கே பார்ப்பதென்று தெரியாமல். மேர்லின் யாரோடும் கதைக்காமல் நேரே அல்பர்ட்டிடம் போய்ப் பார்சலைக் கொடுத்தாள்.

"அங்கிள், இது கிழியாது. எப்பிடி இழுத்தாலும் கிழியாது. அண்டைக்குக் கிழிஞ்சது என்ட பிழ."

அல்பர்ட் அவளைப் பார்த்தார். பிறகு பார்சலை இடது கையிடுக்கில் வைத்துக்கொண்டு, ஊன்றுகோலை ஊன்றி அறைக்குள் போனார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. உள்ளே ஊன்றுகோல் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. ஓட்றி கதவடிக்கு ஓடினாள்.

"அன்ரி, தட்டாதீங்க," என்றாள் மேர்லின், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. குரல் உறுதியாகத்தான் வந்தது. ஆனால் பிடித்த கையை அவள் விடவில்லை.

தாழ்ப்பாள் திறந்தது.

அல்பர்ட் சேட்டோடு நின்றார். வெள்ளை வெளேரென்ற நீளக் கைச் சேட், முன்னால் ஏழு பொத்தான், தோள் தோளாக, விளிம்பு விளிம்பாக. நெற்றி முழுவதும் வேர்வை. கொலரின் இடது பக்கம் மட்டும் உள்ளுக்கு மடிந்து கிடந்தது.

பதினாலு மாதப் பழக்கத்தில் ஓட்றியின் கை அந்தக் கொலரை நோக்கிப் போனது. அல்பர்ட் அந்தக் கையைப் பார்த்தார். ஓட்றி கையை இறக்கித் தன் சட்டையில் துடைத்துக்கொண்டாள். பிறகு அழத் தொடங்கினாள். டரல் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, விழுந்த ஊன்றுகோலை எடுத்து அண்ணனிடம் நீட்டினார்.

மெலிண்டா மணப்பெண் உடுப்போடு வெளியே வந்தாள். தகப்பனைக் கண்டதும் அவளுடைய கையும் தானாகக் கொலருக்குத்தான் போனது. பாதியில் நின்றது. பிறகு இறங்கி, அவருடைய அந்த ஏலாத வலது கைக்குள் நுழைந்து பிடித்துக்கொண்டது.

சேர்ச்சில் படப்பிடிப்புக்காரன் மூன்று தரம் "அங்கிள், கொலர்" என்றான். மூன்று தரமும் அல்பர்ட் "அது இரிக்கட்டும்" என்றார். அதனால் எல்லாப் படத்திலும் கொலர் மடிந்தபடிதான் இருக்கிறது. அதில் ஒன்றை ஓட்றி சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள், மேர்லின் அதை மெசினுக்கு மேலே மாட்டியிருக்கிறாள். நூலளவு கோணலுக்கும் தையலைப் பிரித்துப் போடுகிறவள் அவள். தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "என்னகா, கொலர் மடிஞ்சு கிடக்கே, இது நீங்க தைச்ச சேட்டா?" என்று கேட்பார்கள்.

"தைச்சது நான்," என்பாள் மேர்லின். "போட்டது அவர்."